வரப்போகும் பணமும் வந்த பணமும்

2016 ஏப்ரலில் பெங்களூரு பொம்மனஹள்ளியின் ஆயத்த ஆடை ஆலைப் பெண்கள் ஓசூர் சாலையை மறித்தார்கள். வருங்கால வைப்பு நிதிப் (பி.எஃப்.) பணத்தின் ஒரு பகுதியை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற மத்திய அரசின் அறிவிப்பே காரணம். உழைத்து முடித்த கூலியைக்கூடக் கைக்கு வரும்வரை தங்களுடையது என்று அவர்களால் எண்ண முடியவில்லை. அறிவிப்பை அரசு ஏப்ரல் 19 அன்று திரும்பப் பெற்றது.

அங்கிருந்து சில கிலோமீட்டரில், பன்னேர்கட்டா சாலையில், இதற்கு நேர்மாறாக, இன்னும் ஈட்டி முடிக்காத வருவாயையும் தன்னுடையதாக எழுதிவந்த இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ் இயங்கியது. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக்கான அதன் கணக்கு 2022 செப்டம்பரில்தான் வெளிவந்தது. வருவாய் சுமார் 2,280 கோடி ரூபாய், நட்டம் சுமார் 4,588 கோடி. முந்தைய ஆண்டின் நட்டம் 232 கோடியைத் தாண்டவில்லை. இந்த வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, வருவாயை எழுதும் முறை மாறியது. பல மாதம் நடக்கும் பாடத்துக்கான கட்டணத்தை விற்றவுடன் பெருமளவு வருவாயாகக் காட்டாமல், பாடம் நடக்க நடக்கப் பிரித்து எழுத வேண்டியதாயிற்று. இதற்கிடையே, அந்தக் கணக்கு வெளிவருவதற்கு முன்பே, 2022 மார்ச்சில், 2,200 கோடி டாலர் மதிப்பீட்டில் புதிய முதலீடு திரட்டுவதாக நிறுவனம் அறிவித்திருந்தது.

எந்தக் கணக்கிலும் உத்தேசம் இல்லாமல் முடியாது என்பது உண்மை. வளரும் தொழிலுக்கு வெளி முதலீடு தேவை என்பதும் உண்மை. தன் நிறுவனத்தை நம்பும் ஒருவர் நாளைய வெற்றியை இன்றே காண்பது மனித இயல்பு; அதைப் பொய் என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆனால் முதலீட்டாளரின் முன் நிற்கும்போது சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொரு எண்ணும் ஒரே பக்கம் சாய்வதுதான் பிரச்சினை. பங்கு வெளியீட்டின் சமயத்தில் லாபத்தை மிகையாகக் காட்டிய அமெரிக்க நிறுவனங்கள் அடுத்த 3 ஆண்டுகளில் பங்குச் சந்தையில் மற்றவற்றைவிடப் பின்தங்கின என்று டியோ, வெல்ச், வோங் ஆகியோரின் 1998 ஆய்வு காட்டியது.

பெரிய முதலீட்டாளர் தவறினால் அவருக்கு வேறு பத்து முதலீடுகள் இருக்கும். கடன் வாங்கிப் பாடம் வாங்கிய பெற்றோருக்கும், நிறுவனத்தின் மதிப்பீட்டை நம்பிச் சம்பளத்துக்குப் பதில் பங்கை ஏற்ற ஊழியருக்கும் கணக்கைச் சோதிக்க வழியே இல்லை. ஆகவே தணிக்கை முடியாத கணக்கைக் கொண்டு மதிப்பு கேட்பது, சட்டம் அனுமதித்தாலும், தவறு.

2023 ஜூனில் பைஜூஸின் தணிக்கையாளர் டெலாய்ட் விலகியது. 2024 ஜூலையில் பெங்களூரு தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் நிறுவனத்தைத் திவால் நடவடிக்கைக்கு உட்படுத்தியது. பாக்கிச் சம்பளம் கேட்டு ஊழியர்களும் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நின்றார்கள்.