புரட்டாசியும் தகைவிலானும்

மலேசியாவின் கமுந்திங்கில் இலையுதிர்காலம் உண்டா? உண்டு, ஆனால் பிப்ரவரி, மார்ச்சில். மழை குறையும் அந்த வாரங்களில் ரப்பர் பால்மரங்கள் இலையைக் கொட்டும். பால் குறையும், பால் வெட்டுபவரின் வரும்படியும் குறையும். தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியபின் அந்த உதிர்வும் அருகிவிட்டது. செப்டம்பரில் உதிர எதுவுமில்லை. ஆண்டுக்குச் சுமார் 4000 மில்லிமீட்டர் மழை பெறும் தைப்பிங் பக்கத்திலேயே இருக்கிறது. அக்டோபர் நெருங்க நெருங்க மழை கனக்கும். புழுக்கம் மட்டும் மாறாது.

இங்கேயும் புரட்டாசி பிறந்தால் பல வீடுகளில் மீனும் கோழியும் நின்றுவிடும். சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், வெயில் போய் மழை வரும் காலம், வயிறு தாங்காது என்பார்கள் பெரியவர்கள். தமிழ்நாட்டில் ஓரளவு பொருந்தலாம். வருஷம் முழுக்க ஒரே வெக்கையான ஊரில் அந்தக் காரணம் செல்லாது. காரணம் செல்லாவிட்டால் விரதமும் செல்லாதா?

உண்மையில் அந்தக் காரணமே பிற்பாடு ஒட்டவைத்தது போலத் தோன்றுகிறது. புரட்டாசி மழையைக் கேட்டுப் பிறப்பதில்லை; சூரியன் கன்னி ராசியில் நுழைந்தால் பிறக்கிறது.

தகைவிலான் குருவிகளும் அப்படித்தான். வடக்கே பனி விழும்வரை காத்திராமல், பகல் குறுகுவதை உணர்ந்தே கிளம்பி, செப்டம்பரில் மலேசிய நகரங்களின் மின்கம்பிகளில் வரிசை கட்டுகின்றன. கோலா குலாவின் அலையாத்திச் சேற்றில் உள்ளான்கள் இறங்குவதும் இதே சமயம். பறவைக்கும் பஞ்சாங்கத்துக்கும் சூரியனே கடிகாரம். ஒரு சிறு பிசகு உண்டு: ராசிக் கணக்கு நட்சத்திரங்களை வைத்து ஓடுவதால், சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் பருவத்தைவிடப் பின்தங்கும். இன்னும் சில ஆயிரம் ஆண்டுகளில் தகைவிலான் ஆவணிக்கும் முன்பே வந்து நிற்கும். அன்றைக்கும் யாராவது புரட்டாசிக்கு வயிற்றைக் காரணம் சொல்வார்களோ என்னவோ.

புரட்டாசியில்தான் மகாளய அமாவாசையும் வருகிறது. முன்னோருக்கு வைத்த சோற்றைக் காகம் கொத்த வேண்டும். வீட்டுக் காகம் இந்த மண்ணுக்கு உரியதல்ல. காப்பித் தோட்டங்களின் புழுக்களைத் தின்பதற்காக 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பி போய் ரப்பர் வந்தது, காகம் தங்கிவிட்டது. வேலைக்கென்று கப்பலேற்றி வரவழைக்கப்பட்ட அந்தப் பறவையை இன்று தொல்லை என்று சுடுவதும் உண்டு. அண்டங்காக்கையோ இங்கேயே பிறந்து வளர்ந்த இனம். தாத்தாவும் பாட்டியும் எந்தக் காகமாக வருவார்கள்? சோறு வைப்பவர் அதைக் கேட்பதில்லை. மழை இறங்குவதற்குள் ஏதாவது ஒன்று வந்து வாய் வைத்தால் போதுமென்று, மதிலோரம் நின்று இன்னொரு தரம் குரல் கொடுக்கிறார்.