கடவுளின் நண்பன்

நண்பர் ஒருவருக்குப் பழைய நாணயங்களில் பித்து. அவர் வீட்டுக்குப் போனால் காப்பி வருவதற்கு முன் ஆல்பம் வந்துவிடும். சென்ற வாரம் ஒரு படத்தைக் காட்டினார். "இதை வாங்க இந்த ஜன்மத்தில் என்னால் முடியாது. படமாவது இருக்கட்டுமே என்று வைத்திருக்கிறேன்" என்றார்.

அது 1622-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அடித்த தாலர் என்னும் வெள்ளி நாணயம். ஒரு பக்கத்தில், மேகத்திலிருந்து நீளும் ஒரு கை வாளேந்தி நிற்கிறது. மறு பக்கத்தில், 'கடவுளின் நண்பன், பாதிரிகளின் பகைவன்' என்ற வாசகம். சுற்றிலும் அடித்தவனின் பெயர்: பிரன்ஸ்விக் கோமகன் கிறிஸ்டியன்.

அப்போது அவனுக்கு வயது 22. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் மூண்ட முப்பதாண்டுப் போரின் தொடக்க காலம். அவனிடம் படை இருந்தது. படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. 1622 தொடக்கத்தில் பாடர்போர்ன் நகரைப் பிடித்தான். அங்கே பேராலயத்தில் புனித லிபோரியுஸின் எலும்புகள் வெள்ளிப் பேழையில் இருந்தன. 836-இல் பிரான்சிலிருந்து வந்தவை. எண்ணூறு ஆண்டுகளாக மக்கள் மண்டியிட்டு வணங்கியவை. பேராலயத்து வெள்ளியோடு அந்தப் பேழையையும் உருக்கினான். உருக்கிய வெள்ளியில்தான் தன்னைக் கடவுளின் நண்பன் என்று பொறித்துக்கொண்டான்.

"திருடன்! வேறென்ன?" என்றார் நண்பர்.

அத்தனை எளிதாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதே பாடர்போர்னில் 1604-இல் அப்போதைய பிஷப் நகரத்தாரின் உரிமைகளை ஒடுக்கினார். எதிர்த்து நின்ற நகரத் தலைவர் விகார்ட்டின் உடலை நான்கு கூறாக்கிக் கொன்றார்கள். பாதிரிகளைப் பகைக்கக் காரணமே இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் இன்னொரு விஷயமும் உண்டு. கிறிஸ்டியன் 1616 முதல் ஹால்பர்ஸ்டட் பிஷப் பீடத்தின் நிர்வாகி. புராட்டஸ்டண்டுக் குடும்பத்துக்குக் கிடைத்த பதவி. அதன் வருமானத்தில் வாழ்ந்தவன். பாதிரிகளின் பகைவன் உண்ட சோறு ஒரு பிஷப் பீடத்துச் சோறு.

நாணயத்திலுள்ள இரண்டு சொற்களையும் நினைத்துப் பார்த்தேன். பகைவன் என்பதற்குச் சாட்சி உண்டு. கொள்ளை போன ஆலயமே சாட்சி. நண்பன் என்பதற்கு என்ன சாட்சி? ஒன்றுமில்லை. அதனால்தான் பகையையே நட்புக்குச் சாட்சியாகப் பக்கத்தில் நிறுத்தினான். நாம் செய்வதும் இதுதானே? பொய் பேசுகிறவனைத் திட்டிவிட்டால், நாம் உண்மை பேசுகிறவர்கள் ஆகிவிடுகிறோம். லஞ்சம் வாங்குகிறவனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டால், நம் கை சுத்தமாகிவிடுகிறது!

கதை எழுதுகிறவனுக்கு இது அனுபவத்தில் தெரியும். போலிப் பக்தன் ஒருவனை ஒரே இரவில் எழுதிவிடுவேன். வாசகர்களும் கைதட்டுவார்கள். உண்மையான பக்தன் ஒருவனை எழுத உட்கார்ந்தால் மாதக் கணக்கில் பேனா நகர்வதில்லை. பகைக்கத் தெரிந்த அளவுக்கு எனக்கு நேசிக்கத் தெரியவில்லை என்பதுதான் காரணம்.

அதே 1622 ஆகஸ்டில் ஃப்ளூருஸ் போரில் கிறிஸ்டியனின் இடது கையில் காயம் பட்டது. கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. 1626-இல், 26 வயதில், இறந்தான். இது தெய்வ தண்டனை என்று சிலர் சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன். அப்படித் தீர்ப்புச் சொல்வதும் கடவுளின் நண்பன் என்று நாமே பட்டம் சூட்டிக்கொள்வதுதான்.

எலும்புகள் 1627-இல் பாடர்போர்னுக்குத் திரும்பின. ஹான்ஸ் கிராக்கோ என்ற பொற்கொல்லர் புதுப் பேழை செய்தார். ஜூலை மாதத் திருவிழாவில் இன்றும் அதைச் சுமந்து ஊர்வலம் போகிறார்கள்.

"பணம் இருந்தால் இந்தக் காசை நீங்கள் வாங்குவீர்களா?" என்று கேட்டார் நண்பர்.

"வாங்க மாட்டேன்" என்றேன். என் பெயரில் ஒரு காசு அடிக்கச் சொன்னால் முதல் சொல்லைப் பொறிக்க எனக்குத் துணிவு வராது. இரண்டாவது சொல்லுக்கு மட்டும் ஒரு பட்டியலே தயாராக இருக்கிறது. எனக்குப் பயமெல்லாம் அந்தப் பட்டியலை நினைத்துத்தான்.