வீழக் கற்றல்

ஏறக் கற்பிப்போன் வீழவுங் கற்பித்தல் வேண்டுமோ என்பது ஈண்டு யாம் ஆராயப் புகுந்த வினா. வீழ்ச்சி தீதென்பதை யாவரும் அறிவர். தீதினின்றும் மாணாக்கனைக் காத்தலன்றோ ஆசிரியன் கடன், அதனையே அவனுக்குப் பழக்குதல் எங்ஙனம் முறையாகும் எனக் கேட்பாருமுளர். இவ்வினாவை வெறுஞ் சொல்லளவில் ஆராயாது, வீழ்ச்சியால் உயிருக்கே கேடு வரத்தக்க ஒரு துறையில் வைத்து ஆராய்தல் நன்று. மேனாட்டில் வளர்ந்து இன்று உலகெங்கும் பயிலப்படும் பாறையேற்றமே அத்துறையாம்.

யாம் இளமையிற் கற்ற மிசன் பாடசாலையின் நூலகத்தில் எட்வேட் விம்பர் என்னும் ஆங்கிலேயர் எழுதிய மலையேற்ற நூலொன்று இருந்தது. 1865 ஆம் ஆண்டு யூலை 14 ஆந் திகதி அவரும் வேறறுவரும் அல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ள மற்றர்ஹோண் சிகரத்தை முதன்முறையாக அடைந்தனர். இறங்குங்கால், பழக்கமில்லாத ஒருவர் கால்வழுவி முன்னின்றவரை மோதி வீழ்த்த, ஒரே கயிற்றிற் பிணிக்கப்பட்டிருந்த வேறிருவரும் இழுபட்டனர். கயிறு அற்றது. நால்வர் மாண்டனர், மூவரே எஞ்சினர். அக்காலத்து நார்க்கயிறு நெடுவீழ்ச்சியைத் தாங்குமென நம்பத்தக்கதன்று. ஆதலின், முன்னேறிச் செல்வோன் வீழவே கூடாதென்பது பழைய மலையேறிகளின் விதியாயிற்று. தாங்காத கயிற்றைக் கட்டியவனுக்கு அவ்விதியே அறிவுடைமை.

பின்னர், 1930 களின் தொடக்கத்திலே, கலிபோணியாவிலுள்ள பேர்க்கிலி நகரத்துச் சிறு பாறையொன்றில் றிச்சாட் லெனாட் என்பவரும் அவர் தோழரும் ஒரு புதுமை செய்தனர். ஒருவர் வேண்டுமென்றே வீழ, மற்றவர் கயிற்றினாற் பிடித்துப் பழகினர். சடுதியாய் நிறுத்திய கயிறு கேடு விளைக்கும், சிறிது வழுக்கவிட்டு நிறுத்திய கயிறு காக்குமென்பது இத்தகைய பழக்கத்தால் விளங்கிற்று. நைலோன் கயிறு வந்தபின், நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தானே உண்ணுந் தன்மை கயிற்றுக்கும் வாய்த்தது. கயிறு மாறவே, அதைக் கட்டியவன் கடனும் மாறிற்று.

இன்று வீழக் கற்பிக்கும் முறையைக் கூறுவாம். நிலத்துக்கு நன்குயர்ந்ததும், இடையிற் படிபோன்ற திட்டுக்கள் இல்லாததும், சற்றே முன்சாய்ந்ததுமான சுவரில், தலைக்கவசம் பூண்ட மாணாக்கன், கயிறு தலைக்குமேல் மாட்டியிருக்கும்போதே கையை விட்டுத் தொங்கப் பழகுகின்றான். பின்னர், கயிறு மாட்டிய ஆணி இடையளவிலும், அதன்பின் முழங்காலளவிலும், இறுதியிற் பாதத்தின் கீழும் இருக்க வீழ்கின்றான். ஆணிக்கு 2 மீற்றர் மேல் நின்று வீழ்பவன் 4 மீற்றருக்கு மேலாகவே வீழ்வான். கயிற்றின் தளர்வும் நீட்சியும் அதனோடு கூடும். அவன் மூச்சை வெளிவிடல் வேண்டும். முழங்காலைச் சிறிது மடக்கிப் பாதங்களாற் சுவரை எதிர்கொள்ளல் வேண்டும். சுவரை வலிந்து உதைத்தலாகாது. கயிற்றையும் கொளுவியையும் பற்றலாகாது. கயிறு காலின் பின்னே சென்றிருப்பின் அஃது அவனைத் தலைகீழாய்ப் புரட்டிவிடும். கீழே நின்று கயிறு பிடிப்போன், அது இறுகும் வேளையிற் சிறிது துள்ளியேனும் ஓரடி முன்வைத்தேனும் அதிர்ச்சியைத் தணிப்பான்.

வீழப் பழகியவன் வீழ்ச்சியை எளிதென்றெண்ணி அசட்டையாவானன்றோ எனின், அத்தகையோரும் உண்டாகலாம். பழகும்போதே கணுக்கால் முறிந்தோருமுளர்; ஆதலின் இப்பயிற்சி தீங்கற்றதென்று யாங் கூறோம். எனினும், முறையாகப் பழகியவன் எங்கே வீழலாம், எங்கே வீழலாகாதென்பதைப் பகுத்தறிகின்றான். நிலத்துக்கு அண்மையிலும், திட்டின் மேலும், கூரிய விளிம்பருகும் பழைய விதியே இன்றுஞ் செல்லும். பழகாதவனோ எவ்விடத்தும் ஒருபடித்தாய் அஞ்சுகின்றான். அஞ்சுபவன் வேண்டுமளவின் மிகுதியாய் இறுகப் பற்றுவான், பற்றவே முன்கை சோரும், சோரவே வீழ்வான். வீழ்ச்சிக்கு அஞ்சிய அச்சமே அவனை வீழ்த்துகின்றது.

ஆசிரியராகிய நாம் ஈண்டு நம்மை நோக்குதல் தகும். யாம் பணியிற் புகுந்த தொடக்கத்திலே, கணக்கிற் பிழைவிட்ட மாணாக்கரை வகுப்பின் முன் நிறுத்திப் பிறர் நகைக்க வைத்தோம். அதனாற் பிழை ஒழியுமென நம்பினோம். ஒருவன் பிழைவிடுதலை ஒழித்தேவிட்டான். எங்ஙனமெனின், விடையெழுதுதலையே ஒழித்தான். அவனுடைய வெற்றுத்தாளைக் கையிற் பெற்ற நாளிலேதான் எமது பிழை எமக்கு விளங்கிற்று. கயிறு கொடாமல் அவனை ஏறச் சொல்லியிருந்தோம். அடுத்த ஆண்டில் அவன் பள்ளியை விட்டு நீங்கினான். யாம் கற்றது பின்வந்தோர்க்குப் பயன்பட்டது, அவனுக்குப் பயன்படவில்லை.

ஆதலின், வீழக் கற்பித்தலும் ஆசிரியன் கடனேயென்பது எமது துணிபு. ஆயின் அக்கடன் மாணாக்கனிடத்திலன்று, கயிறு பிடிப்போனிடத்திலே தொடங்குகின்றது. கயிறின்றி நிற்பவனை நோக்கி, "வீழ்ந்து கற்றுக்கொள்" என்பது கொடுமையாம். கயிறிருந்தும் வீழவிடாமை அவனை முதற்படியிலேயே நிறுத்திவைத்தலாம். திருத்தி எழுத ஒரு நாள், புள்ளி கணக்கிடாத ஒரு முற்பரீட்சை, பிறர் கேளாமற் சொல்லும் ஒரு திருத்தம், இவையெல்லாம் நம் கையிலுள்ள கயிறுகள். நாளைக் காலை வகுப்பினுட் புகுமுன், அவற்றுள் எதனைப் பிடித்திருக்கின்றோமென ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வோமாக.