இரும்பும் கிரியையும்

முன்னோர் வேறு வழியின்றிச் செய்ததைப் பின்னோர் வேறு வழிகள் பல இருக்கவும் அப்படியே செய்வார்களானால் அச்செய்கைக்கு அர்த்தம் உண்டா என்பது, ஆசாரத்தைப் பற்றிச் சிந்திக்கிற எவரும் என்றாவது ஒரு நாள் நேருக்கு நேர் சந்தித்தே தீர வேண்டிய கேள்வி. 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கேரளத்துப் பாஞ்ஞாள் கிராமத்தில் நம்பூதிரிகள் அதிராத்திரம் என்னும் சோம யாகத்தைச் செய்தபோது, அதைத் திரைப்படமாக எடுக்கும் கருவிகள் பக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்க, அரணிக் கட்டையைக் கயிறு சுற்றிக் கடைந்துதான் அக்கினியை உண்டாக்கினார்கள். தீக்குச்சி அறியாத காலத்தில் நெருப்புக்கு அது ஒரு வழி. தீப்பெட்டி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற காலத்தில் அது என்ன? அந்த யாகத்தை அருகிருந்து ஆராய்ந்த டச்சுப் பேராசிரியர் பிரிட்ஸ் ஸ்டால், சடங்கில் விதி உண்டே தவிர அர்த்தம் என்று ஒன்றில்லை என்ற முடிவுக்கு வந்தார். பின்னாளில் அதையே பெரிய நூலாகவும் விரித்து எழுதினார்.

இதை யாகசாலையிலேயே வைத்து விசாரித்தால் சுருதிப் பிரமாணம், பாவ புண்ணியம், குல கௌரவம் எல்லாம் வந்து குறுக்கே நிற்கும். ஆகவே அவற்றுள் ஒன்றுமே இல்லாத ஓரிடத்துக்கு இக்கேள்வியைக் கொண்டுபோக விரும்புகிறேன். அமெரிக்காவில், பகலெல்லாம் வேறு உத்தியோகம் பார்க்கிற ஒரு சாதாரணக் குடும்பஸ்தர், வீட்டை ஒட்டிய காரேஜில் மாலை வேளைகளிலும் சனி ஞாயிறுகளிலும் உட்கார்ந்து, பழைய சம்பிரதாயப்படி ஹாட் ராட் கட்டுகிறார். அப்படிக் கட்டும்படி எந்த வேதமும் அவருக்கு விதிக்கவில்லை. கட்டாமல் விட்டால் வரும் பாவமாகிய பிரத்தியவாயமும் இல்லை. எனினும் அவர் நியமத்தோடு கட்டுகிறார். ஏன் என்பதுதான் விஷயம்.

ஹாட் ராட் என்பது மலிவான பழைய காரை எடுத்து, சுமையானவற்றைக் கழற்றி எறிந்து, எஞ்சினின் வலுவைக் கூட்டி, வேகம் ஒன்றையே கருதி மாற்றியமைத்த வண்டி. அதன் ஜன்மபூமி தெற்குக் கலிபோர்னியா. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்கு வடக்கே மலைகளுக்கு அப்பால், மொஹாவிப் பாலைவனத்தில், மியூராக் என்றும் எல் மிராஜ் என்றும் பெயர் கொண்ட வறண்ட ஏரிப் படுகைகள் மைல் கணக்கில் மேடுபள்ளமின்றிக் கிடக்கின்றன. 1930-களில், வாரம் முழுவதும் வேலைக்குப் போய்வந்த அதே காரை ஓட்டிக்கொண்டு அங்கே சென்ற இளைஞர்கள், மட்கார்டையும் ஹெட்லைட்டையும் முன்கண்ணாடியையும் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, காலத்தோடு போட்டியிட்டு ஓட்டிப் பார்த்து, மறுபடி எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். 1937-இல் அவர்களுடைய குழுக்கள் ஒன்றுகூடி, ஓட்டத்தைக் கடிகாரம் வைத்து அளப்பதற்கென்று ஒரு சங்கம் கண்டன. யுத்தம் முடிந்து, இயந்திரம் பழகிய கைகளோடு சிப்பாய்கள் திரும்பியதும் இக்கலை நாடெங்கும் பெருகிற்று. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1949-இல் யூட்டா மாகாணத்து பானவில் உப்புவெளியில் முதல் வேக வாரம் நடந்தது.

இவர்களுக்கெல்லாம் இஷ்டதெய்வமாக அமைந்தது 1932-ஆம் ஆண்டு போர்டு கார். எட்டுச் சிலிண்டர் என்பது செல்வர்களுக்கே உரியதாயிருந்த காலத்தில், ஹென்றி போர்டு எட்டுச் சிலிண்டரையும் கிராங்க் அறையையும் சேர்த்து ஒரே வார்ப்படமாக வார்த்து, 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் உடைய வி-8 எஞ்சினை, 460 டாலர் முதற்கொண்டு விலை வைத்த கார்களில் பொருத்தி ஊருக்குக் கொடுத்துவிட்டார். சில ஆண்டுகளில் அக்கார்கள் பழசாகிக் காய்லாங்கடைக்கு வந்தன. அங்கிருந்து இளைஞர்களின் கைக்கு வந்தன. கையில் காசு இல்லை. ஆகவே ஒரு காரின் சேஸி, இன்னொன்றின் இருசு, வேறொன்றின் கியர் பெட்டி என்று சேர்த்துக் கட்டினார்கள். அந்த வண்டியின் அழகு முழுவதும் வறுமை வகுத்த அழகு என்றே சொல்ல வேண்டும்.

இங்கேதான் சங்கடம் எழுகிறது. அந்த முன்னோர்கள் சம்பிரதாயவாதிகள் அல்லர். 1955-இல் செவர்லே கம்பெனி 265 கன அங்குலத்தில், 162 குதிரைத்திறன் தரும் புதிய வி-8 எஞ்சினை வெளியிட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் போர்டின் பழைய எஞ்சினைக் கண்ணீர் விடாமல் கழற்றி வைத்துவிட்டுப் புதியதைப் பூட்டிக்கொண்டார்கள். எதையும் பழமைக்காகப் போற்றாதவர்களின் வழியைப் பழமைக்காகப் போற்றுகிறவன் அவர்களுக்கு வாரிசா? இன்று விபத்தில் சிக்கிய புதிய கார் ஒன்றிலிருந்து கம்ப்யூட்டரோடு கூடிய எஞ்சினை மலிவாக வாங்கிப் பொருத்தி, முன்னோர் கனவிலும் காணாத வேகத்தில் ஓட்டுகிறவன் அல்லவா உண்மையான வாரிசு? இந்த ஆட்சேபத்தை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அது வலுவான ஆட்சேபம். சீர்திருத்தக்காரர்கள் எல்லாச் சமயங்களிலும் எழுப்பியிருக்கிற ஆட்சேபமும் அதுவே.

ஆயினும் பதில் சொல்வதற்கு முன் அந்தக் காரேஜுக்குள் நுழைந்து, நடக்கிற வேலையைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்க வேண்டும்.

முதலில் எஞ்சின். பழைய போர்டு எஞ்சினில் வால்வுகள் சிலிண்டர்களின் பக்கத்திலேயே வார்ப்படத்துக்குள் அமைந்தவை. எரிந்த புகை வெளியேறும் வழிகளும் அதே வார்ப்படத்தினூடே, குளிர்விக்கும் நீரைச் சூடாக்கிக்கொண்டே செல்கின்றன. ஆகவே இந்த எஞ்சின் எளிதில் கொதிக்கும். கொதித்துக் குளிர்ந்து கொதித்து, வால்வு அமரும் இடத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே கண்ணுக்குப் புலப்படாத விரிசல் விடும். கிடைத்த பழைய வார்ப்படத்தைக் காந்தமூட்டி இரும்புத் தூளைத் தூவினால், விரிசல் உள்ள இடத்தில் தூள் மெல்லிய கோடாகத் திரளுகிறது. கோடு தென்பட்டால் அந்த வார்ப்படத்தைக் கைவிடலாம். அல்லது விரிசல் நெடுகத் துளையிட்டு, ஒன்றின் விளிம்பை மற்றொன்று கவ்வும்படி திருகாணிகளை வரிசையாக இறக்கித் தைக்கலாம். எந்தத் தையலும் முதல் கொதியில் பிரியாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அடுத்தது உடல். இக்காலத்துப் பட்டறைகளில் ஒடுக்கு எடுத்த இடத்தில் பட்டி பார்த்து, காய்ந்ததும் தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். சம்பிரதாய முறையில் அங்கே ஈயம் வைக்க வேண்டும். எஃகுத் தகட்டைப் பளபளவென்று துலக்கி, வெள்ளீயப் பூச்சு ஏற்றி, நூற்றுக்கு எழுபது பங்கு ஈயமும் முப்பது பங்கு வெள்ளீயமும் கலந்த குச்சியைக் கேஸ் சுடரில் காட்ட வேண்டும். இக்கலவை 183 டிகிரி சென்டிகிரேடில் இளகத் தொடங்கும். 250 டிகிரிக்கு மேல் போனால்தான் முழுக்க நீராகும். இந்த இடைவெளியில், வெல்லப் பாகுக்குப் பதம் பார்ப்பதுபோல, கண்ணையும் கையையும் மட்டுமே நம்பி, தேன்மெழுகு தடவிய மரக்கரண்டியால் அதைத் தள்ளித் தள்ளி வளைவுக்கு இசைவிக்க வேண்டும். சுடர் ஒரு கணம் அதிகம் நின்றால் ஈயம் அப்படியே வழிந்து காலடியில் விழும். தகடு சூட்டில் நெளிந்துகொள்ளும். குறைந்தாலோ அது ஒட்டாது. பிறகு பெரிய அரத்தால் ராவ வேண்டும். ஈயத் தூள் விஷமாகையால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாகாது.

இந்த வேலையைக் கண்டபின் எனக்கு ஞாபகம் வருவது, வேத விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் பிரதிநிதி என்னும் விஷயத்தில் செய்த விசாரம். யாகத்துக்கு விதித்த பொருள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று ஜைமினி தம் சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் கேட்கிறார். நெல் கிடைக்காவிட்டால் அதை ஒத்த நீவாரம் என்னும் காட்டு நெல்லைக் கொள்ளலாம். சோமக் கொடி இல்லாத இடத்தில் பூதீகத்தைக் கொள்ளலாம். வேலையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் தேவதைக்கும் அக்கினிக்கும் மந்திரத்துக்கும் கிரியைக்கும் பிரதிநிதி கிடையாது. இந்தப் பாகுபாட்டுக்கு அவர்கள் காட்டும் காரணம் மிக நுட்பமானது. பொருள் செய்கிற உபகாரம் கண்ணுக்குத் தெரிந்தது. அதே உபகாரத்தை அதை ஒத்த வேறொன்றும் செய்யும் என்று நாம் அறியலாம். கிரியையின் பயனோ அதிருஷ்டம், அதாவது கண்ணுக்குப் புலப்படாதது. ஆகையால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தாலும் அதே பயன் விளையும் என்று நிச்சயிக்க நமக்கு எந்தப் பிரமாணமும் இல்லை.

இதைக் கொண்டு பார்த்தால் காரேஜில் நிகழும் தீராத தர்க்கங்கள் பல தாமாகத் தீர்கின்றன. 1932-இன் அசல் உடல்கள் அருகிவிட்டன; ஒஹையோ மாகாணத்து புரூக்வில் என்ற ஊரில் அதே வடிவத்தைப் புதிய எஃகுத் தகட்டில் அச்சிட்டு விற்கிறார்கள். அதை வாங்கிக் கட்டினால் போலியா? இல்லை, அது நீவாரம். அசல் கிடைக்காத இடத்தில் அசலை ஒத்த பொருள். மீமாம்சகர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: எடுத்த பிரதிநிதியும் அழிந்து வேறொன்று தேட வேண்டி வந்தால், பிரதிநிதியை ஒத்ததைத் தேடாமல் மூலப்பொருளை ஒத்ததையே தேட வேண்டும். நகலைப் பார்த்து நகல் எடுத்து, ஒவ்வொரு படியிலும் வளைவு கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கிப் போன கண்ணாடியிழை உடல்களைக் கண்டவர்களுக்கு இந்த விதியின் அருமை விளங்கும். அளவெடுப்பதானால் 1932-இல் தொழிற்சாலையிலிருந்து வந்த தகட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

மாறாக, புதிய எஞ்சினின்மேல் பழைய எஞ்சினைப் போன்ற மூடியைக் கவிழ்த்து, பட்டிமேல் பெயிண்டை அடித்து, துருப்பிடித்த தோற்றத்தைத் தூரிகையால் எழுதிக் கொணர்கிற வண்டியில் பொருளெல்லாம் ஏறக்குறைய ஒத்திருக்கிறது. கிரியை மாத்திரம் காணாமல் போய்விட்டது. அதை நான் வேஷம் என்பேன். புதிய எஞ்சினை மூடாமல் வெளிப்படையாகப் பூட்டி ஓட்டுகிறவனை அப்படிச் சொல்லமாட்டேன். அவன் வேறொரு மார்க்கத்தைச் சேர்ந்தவன். முன்னோரின் வேகத்தை அவன் கொண்டான், உழைப்பைப் பழைய முறைக்காரர் கொண்டார். இரண்டு கிளையும் ஒரே வேரிலிருந்து வந்தவைதாம்.

ஆனால் வறுமையைத் திரும்பக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. வறுமை அந்த இளைஞர்களுக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு: கையிலிருக்கிற இரும்பைத் தவிர வேறு இரும்பு இல்லை என்ற நிலையில், அதன் குணதோஷங்களை அறிந்தே தீர வேண்டியிருந்தது. இந்த எஞ்சின் எங்கே விரிசல் விடும், எந்தச் சத்தத்துக்கு என்ன பொருள், எந்த ஏற்றத்தில் நின்று இளைப்பாற வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில் இருந்தது. வசதி வந்த பிறகு அந்த அறிவை அடைய எஞ்சியிருக்கிற வழி ஒன்றே. வறுமை விதித்த எல்லையைத் தானே தனக்கு விதித்துக்கொள்வது. அவசியம் ஒழிந்த இடத்தில் அதன் ஆசனத்தில் விரதம் வந்து அமர்கிறது.

பேராசிரியர் ஸ்டாலுடைய முடிவை நான் ஏற்காததற்குக் காரணமும் இதுவே. விதிகளை மட்டும் எடுத்துத் தாளில் எழுதிப் பார்த்தால் அவர் சொல்வது சரியாகத்தான் தோன்றும். அரணி கடைவதன் விதிக்கும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் விதிக்கும் தாளில் பேதம் தெரியாது. ஆனால் அரணி ஈரமாயிருந்தால் நெருப்பு வராது. கடைகிறவர் வியர்த்து, மூச்சு வாங்கி, பொறி விழுகிறதா என்று குனிந்து பார்க்கும்போது, தோல்வி அடையக்கூடிய ஒரு காரியத்தில் தன்னைக் கொடுத்து நிற்கிறார். தோற்க வாய்ப்புள்ள செய்கையில் மனம் ஒருமுகப்படாமலிருக்க முடியாது. அந்த ஒருமைப்பாடு விதியில் எழுதப்பட்டதன்று, விதி அதற்கு இடம் பண்ணித் தருகிறது. ஈயம் வழிந்துவிடக்கூடும் என்பதால்தான் அந்தக் குடும்பஸ்தர் அரைமணி நேரம் உலகத்தை மறந்து ஒரு விரற்கடை உலோகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த அரைமணியில் அவருக்குள் என்ன நிகழ்கிறது என்று வெளியிலிருந்து அளக்கக் கருவி இல்லை. அதிருஷ்டம் என்று மீமாம்சகர்கள் சொன்னது சுவர்க்கத்தை உத்தேசித்து. எனினும் அந்தச் சொல் இங்கும் பொருந்துகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு பிரேக்கைப் பற்றிப் பேசாமலிருப்பது நியாயமாகாது. போர்டு கார்களுக்கு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் வந்தது 1939-இல்தான். பழைய முறைக்காரர்கள் தங்கள் 1932 வண்டிக்கும் அதையே எடுத்துப் பொருத்துகிறார்கள். அதன் மாஸ்டர் சிலிண்டரில் அறை ஒன்றே. நான்கு சக்கரங்களுக்குப் போகும் குழாய்களில் எங்கேனும் ஒன்று பிய்த்துக்கொண்டால் நான்கிலும் பிரேக் போய்விடும். இரண்டு அறை உள்ள பிற்காலத்து மாஸ்டர் சிலிண்டரைச் சேஸிக்கு அடியில் வைத்தால், முன்சக்கரம் போனாலும் பின்சக்கரம் பிடிக்கும். வைப்பது விரதபங்கம் என்று வாதிடுகிற கடும் சம்பிரதாயவாதிகள் இருக்கிறார்கள். இதற்கும் மீமாம்சையில் ஒரு வழி உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் செய்யும் தர்சபூர்ணமாச இஷ்டியில் நீர் கொண்டுவருவது சமஸம் என்ற பாத்திரத்தில். ஆனால் பசுக்களை விரும்புகிறவன் பால் கறக்கும் பாத்திரத்தில் கொண்டுவரலாம் என்று விதி. அந்த மாற்றம் கர்த்தாவாகிய மனிதனை உத்தேசித்தது. அதனால் யாகத்துக்கு அங்கஹீனம் இல்லை. பிரேக்கின் இரண்டாவது அறையும் மனிதரை உத்தேசித்ததே. அதுவும் வண்டியில் ஏறாத, விரதம் எதுவும் எடுத்துக்கொள்ளாத, தெருவைக் கடந்து போகிற மனிதரை. என் விரதத்தின் கஷ்டம் என் தலையில் விழட்டும். அடுத்த வீட்டுக் குழந்தையின் தலையில் விழ அதற்கு அதிகாரமில்லை.

ஆனால் எஞ்சினின் தீப்பொறியைப் பங்கிடும் பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயிண்டு என்னும் தொடுமுனைகளுக்குப் பதிலாக மின்னணுச் சுவிட்சை ஒளித்து வைத்துவிட்டு, இதுவும் அப்படித்தானே என்று கேட்கிறவர்களிடம் நான் இணங்கமாட்டேன். அங்கே போய்விடுவது, அதைக் கழற்றி மேசைமேல் வைத்து, விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு, இரண்டு ஜோடிப் பாயிண்டுகளின் இடைவெளியையும் தகடு நுழைத்து அளந்து சரிசெய்கிற வேலை. அதைச் செய்யாததால் தெருவில் யாருக்கும் ஆபத்து நீங்குவதில்லை. செய்வதால் யாருக்கும் ஆபத்து வருவதுமில்லை. பிரேக்கை மாற்றிக்கொண்டவரைச் சாஸ்திரத்தின் துணைகொண்டே ஆமோதிப்பேன். பாயிண்டை மாற்றியவரோடு, அவர் காரேஜில் உட்கார இடம் தருவாரானால், இரவு முழுவதும் வாதாட ஆயத்தமாயிருக்கிறேன்.