ஓடாத தேரும் சுழலாத உருண்டையும்

ஒரு பொருளுக்கு மதிப்பு அதன் பயனால் வருகிறதா, அன்றி அதற்குப் பிறர் கொடுக்க முன்வரும் விலையால் வருகிறதா? இல்லறத்தில் வாழும் நம் அனைவர்க்கும் நாள்தோறும் எதிர்ப்படும் வினா இது. ஆயினும் நாம் இதனை நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. பொறியியல் பயிலும் நம் பேரன் கூறிய செய்தி ஒன்று அண்மையில் இவ்வினாவை நம் முன் நிறுத்தியது. மோட்டார் வாகனங்களைப் பற்றி எழுத, எழுபது வயதைக் கடந்த ஆசிரியை ஒருத்திக்கு என்ன தகுதி என்று வாசக அன்பர்கள் வியக்கலாம். வாகனத்தை முன்னிட்டு மனத்தைப் பற்றியே எழுதுகிறோம்.

செய்தி இதுதான். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பெப்பிள் பீச் என்னும் இடத்தில் பழைய வாகனங்களின் ஏலம் நடைபெற்றது. அங்கே 1995ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மெக்லாரன் எஃப்1 என்னும் கார் ஒன்று 2 கோடியே 4 இலட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று. அன்றைய மாற்று மதிப்பில் அது ஏறத்தாழ 150 கோடி ரூபாய். புதிதாக விற்ற நாளில் அவ்வகைக் காரின் விலை சுமார் 5 இலட்சத்து 40 ஆயிரம் பவுண்டு. 26 ஆண்டுகளில் அந்தக் கார் ஓடிய தொலைவோ 390 கிலோமீட்டருக்கும் குறைவு. சென்னையிலிருந்து புறப்பட்டிருந்தால் திண்டுக்கல்லைக் கூட எட்டியிராது.

“ஓடாத வண்டிக்கா இத்தனை விலை?” என்று வினவினோம். “ஓடியிருந்தால் விலை குறைந்திருக்கும் பாட்டி, ஓடாததற்குத்தான் இந்த விலை” என்றான் பேரன். அந்த விடை நம்மை அன்றிரவு உறங்க விடவில்லை.

அந்த வாகனத்தின் வரலாற்றைக் கேட்டறிந்தபோது, அதனை இகழ நமக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய கார்டன் மர்ரே என்னும் வடிவமைப்பாளரின் படைப்பு அது. 1992 முதல் 1998 வரை மொத்தம் 106 கார்களே செய்யப்பட்டன. ஓட்டுநர் நடுவில் அமர, அவருக்கு இருபுறமும் சற்றுப் பின்தள்ளி ஒவ்வோர் இருக்கை. உடற்கூடு எடை குறைந்த கார்பன் இழையால் ஆனது. எஞ்சின் இருக்கும் அறையின் உட்புறத்தில் தங்கத் தகடு ஒட்டப்பட்டுள்ளது. தங்கம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் இயல்புடையது என்பதே காரணம். அணிகலனாக மட்டுமே நாம் அறிந்த பொன், அங்கே கண்ணுக்குப் படாத இடத்தில் வேலை செய்கிறது.

இத்தகைய வாகனங்களை ‘அனலாக்’ கார்கள் என்று அழைக்கின்றனர். ஓட்டுபவரின் கைக்கும் சக்கரத்திற்கும் இடையில் கணிப்பொறி குறுக்கிடாதவை என்பது அதன் பொருள். கிளட்சைக் காலால் மிதித்து, கியரைக் கையால் மாற்ற வேண்டும். மெக்லாரன் எஃப்1 காரில் திசைமாற்றியை எளிதாகத் திருப்பும் துணைவிசை இல்லை. பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவியும் இல்லை. 1987ஆம் ஆண்டில் வெளிவந்த பெராரி எஃப்40 காரும் அவ்வாறே. பிற்காலத்து விரைவுக் கார்களில் இவ்வேலைகளை எல்லாம் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. ஆகவே கையால் ஓட்டும் பழைய கார்கள் அருகிப்போயின. அருகியவற்றின் விலை ஏறிற்று. 2003 முதல் 2006 வரை ஏறத்தாழ 1,270 மட்டுமே செய்யப்பட்ட போர்ஷே கரேரா ஜிடி, அமெரிக்காவில் சுமார் 4 இலட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 20 இலட்சம் டாலருக்குக் கைமாறியது.

இவ்விலையேற்றத்தின் உள்ளே ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. எல்லாவற்றையும் இயந்திரமே செய்து தரும்போது, மனிதன் தன் கைத்திறன் ஒன்றை இழந்துவிட்டதாக உணர்கிறான், அவ்விழப்பிற்கு வருந்துகிறான். வாய்ப்பாட்டை மனத்தில் ஏற்றிய மாணவனின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி, கணக்கிடும் கருவியின் பொத்தானை அழுத்திய மாணவனின் முகத்தில் தோன்றாததை நாம் வகுப்பறையில் கண்டிருக்கிறோம். முயன்று பெற்ற திறனே இன்பம் தருகிறது. 2020ஆம் ஆண்டில் அதே மர்ரே, கையால் கியர் மாற்றும் டி.50 என்னும் புதிய காரை, 100 மட்டுமே செய்வதென்று அறிவித்ததும் இவ்வேட்கையை உணர்ந்தே. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

முரண்பாடு இதன் பின்னரே தோன்றுகிறது. மனிதன் தன் கையால் ஓட்டி மகிழ வேண்டும் என்பதற்காகவே அக்கார் விரும்பப்பட்டது. விருப்பம் மிக, விலை மிகுந்தது. விலை மிக, ஓட்டினால் விலை குறையுமே என்னும் அச்சம் பிறந்தது. அச்சம் மிக, கார் கொட்டகையில் நின்றது. எந்தப் பயனுக்காக ஒன்று மதிக்கப்பட்டதோ, அம்மதிப்பே அப்பயனை விழுங்கிவிட்டது. மேல்சித்தாமூர்த் தேரும் ஆண்டில் பெரும்பாலான நாள்கள் நிலையில்தான் நிற்கிறது. ஆனால் அது ஓடப்போகும் நாளுக்காக நிற்கிறது. ஓடாமையையே பெருமையாகக் கொண்ட தேர் உலகில் உண்டோ?

வேறு வழியில் நடந்தவரும் உண்டு. ‘மிஸ்டர் பீன்’ என்னும் பாத்திரத்தால் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த ஆங்கில நடிகர் ரோவன் அட்கின்சன், 1997ஆம் ஆண்டில் ஒரு மெக்லாரன் எஃப்1 வாங்கினார். பூட்டி வைக்காமல் ஏறத்தாழ 66,000 கிலோமீட்டர் ஓட்டினார். இருமுறை அது விபத்துக்கு உள்ளாயிற்று. 2011ஆம் ஆண்டு விபத்திற்குப் பின் அதனைச் செப்பனிட மட்டும் 9 இலட்சம் பவுண்டுக்கு மேல் செலவாயிற்று. காப்பீட்டு நிறுவனம் அதனை ஏற்றது. 2015ஆம் ஆண்டில் ஏறத்தாழ 80 இலட்சம் பவுண்டுக்கு விற்றார். அவரைத் துறவி என்று நாம் கூறவில்லை. பொருளைப் பொருளாகப் பயன்படுத்தினார் என்பதே நாம் குறிப்பது.

இங்கே நம் அன்பர் ஒருவர் குறுக்கிட்டு வினவக்கூடும்: “மணிக்கு 380 கிலோமீட்டருக்கு மேல் பாயவல்ல வண்டி ஓடாமல் நிற்பது நல்லதன்றோ? எத்தனை சிற்றுயிர்கள் பிழைத்தன!” நல்ல வினா; சிரித்துவிட்டுக் கடந்து செல்லத்தக்கதன்று. அவ்வுயிர்கள் பிழைத்தது உண்மை. ஆனால் பூனைக்கு எட்டாத உறியில் பால் இருந்தால் பூனை நோன்பு இருந்ததாக ஆகுமோ? உயிர்களிடத்து இரக்கம் கொண்டு வண்டியை நிறுத்தியவர் வேறு. ஏலத்தொகையை எண்ணி நிறுத்தியவர் வேறு. செயல் ஒன்றே, கருத்து வேறு. வினை கருத்தைப் பற்றியே அமையும் என்பது நாம் இளமை முதல் கேட்டு வளர்ந்தது.

அரிய பொருளை அழியாமல் காப்பதும் ஒரு கடமையே என்பது இன்னொரு வாதம். இதையும் நாம் மறுக்கவில்லை. ஓலைச்சுவடிகளைக் காத்தவர்கள் இல்லையேல் நமக்கு நூல்கள் ஏது? ஆனால் சுவடியைக் காத்தவர் பிறர் படிக்கவும் படியெடுக்கவுமே காத்தார். தவிர, இயந்திரம் நிற்பதனாலேயே காக்கப்படுவதில்லை. சக்கரத்தின் ரப்பர் இறுகும், எண்ணெய் கெடும், எரிபொருள் நாட்பட்டால் குழாய்களை அடைக்கும். பயன்படாமையும் ஒரு வகைத் தேய்மானம்தான். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம்.

இவ்வளவும் எழுதிய பின், நாமே குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டிய இடம் வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், நம் மாணவியர் கற்பித்தல் பயிற்சி பெற்ற தொடக்கப் பள்ளிகளைப் பார்வையிடுவது வழக்கம். ஒரு பள்ளியில் பூகோள உருண்டை ஒன்று கண்ணாடி அலமாரிக்குள் பளபளவென்று இருந்தது. வந்த நாளில் சுற்றியிருந்த தாள் உறை கூடக் கழற்றப்படவில்லை, சாவி தலைமையாசிரியரிடம். இருப்புப் பதிவேட்டில், “துணைக்கருவிகள் சிறந்த முறையில் பேணப்படுகின்றன” என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.

அதே வாரத்தில் வேறொரு பள்ளி. அங்கிருந்த உருண்டை ஒருபுறம் நசுங்கி, அச்சு தளர்ந்து ஆடியது. “இந்தியா எங்கே இருக்கிறது?” என்று ஒரு சிறுமியைக் கேட்டோம். அவள் ஓடி வந்து, வெள்ளையாகத் தேய்ந்திருந்த ஓரிடத்தில் விரலை வைத்தாள். “இதுதான் டீச்சர். எல்லாரும் தொட்டுத் தொட்டு அழிஞ்சு போச்சு” என்றாள். அப்பள்ளியின் பதிவேட்டில் நாம் எழுதியது: “கருவிகள் பழுதடைந்துள்ளன, கவனம் தேவை.”

எந்தப் பள்ளிக்குப் பாராட்டு எழுதியிருக்க வேண்டும் என்பது அன்று நமக்கு உறைக்கவில்லை. பேரன் சொன்ன ஏலச் செய்தியைக் கேட்ட இரவில்தான் உறைத்தது. ஓடாத காருக்கு விலை மிகுத்தவர்களின் கண்ணும், சுழலாத உருண்டைக்குச் சான்று எழுதிய நம் கண்ணும் ஒரே கண்தான். பொருள் புதிதாக இருக்கிறதா என்று பார்த்தோம். அது பிறந்த வேலையைச் செய்ததா என்று பார்க்கவில்லை.

இல்லறத்தார்க்குரிய நோன்புகளுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று. இத்தனை நிலம், இத்தனை பொன் என்று எல்லை வகுத்துக்கொள்வதோடு அந்நோன்பு நிறைவு பெற்றுவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் எண்ணிக்கைக்குள் அடங்கிய ஒரே பொருளின் மீதும் மனம் ஒட்டிக்கொள்ளக் கூடும். பொருள் நம்மிடம் இருக்கிறதா, நாம் பொருளிடம் இருக்கிறோமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதனைப் பயன்படுத்த அஞ்சுகிறோமா? அஞ்சினால், உடைமை யார், உடையவர் யார் என்பது விளங்கிவிடும். பரணில் உறங்கும் பித்தளைப் பாத்திரங்களையும், மடிப்பிலேயே இற்றுப்போகும் பட்டுப்புடவையையும், விருந்தினர்க்கென்று வைத்து எந்த விருந்தினர்க்கும் எடுக்காத தட்டுகளையும் இச்சோதனைக்கு உட்படுத்திப் பார்ப்போமாக.

நாமும் தொடங்கியிருக்கிறோம். முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த நூல்கள் நம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் உள்ளன. ஓரம் மடங்குமே என்று யாருக்கும் கொடுத்ததில்லை. சென்ற திங்கள் அலமாரிச் சாவியை அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து, வேண்டியதை எடுத்துப் படிக்கச் சொன்னோம். முதல் நூல் திரும்பி வந்தது. நடுப்பக்கத்தில் மஞ்சள் கறை. அதனைக் கண்டதும் நெஞ்சு ஒரு கணம் சுருங்கியது. இத்தனை அறம் எழுதிய பின்னும் சுருங்கியது. அச்சுருக்கம்தான் பற்று என்று தெரிந்துகொண்டோம். பின்பு அப்பெண் அந்தப் பக்கத்தைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த நூலை அவளிடம் நாமே எடுத்துக் கொடுத்தோம்.