கோகோ டின்னும் ஆள்காட்டி விரலும்

ஒரு பொருளை உண்டாக்கும்போது நடந்த பாவத்தில், அதை வாங்குகிறவனுக்கும் பங்கு உண்டா? உண்டு என்றார் ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், பம்பாயில் ஆடிட்டர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். 1929-ல் காந்தியைச் சந்தித்தபின் கதருக்கு மாறி, சிறைக்கும் போனார். பொருளாதாரம் படித்தவர்கள் அரசியலுக்கு வந்தால் நிதியமைச்சர் நாற்காலியைத்தான் பார்ப்பார்கள். இவர் வார்தாவில் எண்ணெய்ச் செக்கையும் கைக்காகிதத்தையும் கட்டிக்கொண்டு உழைத்தார்.

அவர் காட்டிய உதாரணம் கோகோ டின். ஆப்பிரிக்காவில் கட்டாய உழைப்பில் விளைந்து, இங்கிலாந்து ஆலையில் பிள்ளைகளின் உழைப்பை உறிஞ்சி, சுங்கச் சலுகையோடு இங்கே வந்து இறங்குகிறது. அதை வாங்குகிறவர் அத்தனைக்கும் உடந்தை. 'எனக்குத் தெரியாது' என்று, இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த பிலாத்துவைப் போலக் கைகழுவ முடியாது. ஆகவே, எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்து அறியக்கூடிய தூரத்துக்குள் வாங்கு என்றார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கார் பாகங்களுக்குத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் கணக்குப் பார்க்கிறவள் நான். குமரப்பாவின் நீதியை முழுமனதோடு ஏற்கிறேன். தூரத்தைப் பற்றி அவர் சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. கார் கம்பெனி எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர்களுடைய குவாலிட்டி ஆள் வந்து, பிராக்கெட்டில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார், வெர்னியர் வைத்து அளப்பார். கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காமல் தடுக்கும் சென்சார் ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா என்று கேட்டதில்லை. சென்சார் ஓடினால் ஷிஃப்ட்டுக்கு எண்ணிக்கை குறையும். அதனால் அணைத்துவிடுகிறார்கள். ஸ்கிராப்பைக்கூட எடை போட்டு வரவு வைக்கிறேன். பிரஸ்ஸில் போன விரலுக்கு என் லெட்ஜரில் இடமில்லை. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் அட்டவணையில் இருக்கிறது: ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் இழப்பு, ஒரு கணு மட்டும் போனால் 9.

பக்கத்தில் இருப்பவரும் கேட்காமல் இருக்கலாம். கேட்டால் நடக்கும் என்ற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே பாவத்தின் பெரும்பங்கு சேரும் என்று நினைக்கிறேன். ஆவடியில் தவணையில் கார் எடுக்கும் குடும்பத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் சிறிது. கார் கம்பெனியில் உட்கார்ந்து, பீஸுக்கு இவ்வளவு பைசா குறை என்று எழுதுகிறவருக்கு அதைவிட எத்தனையோ மடங்கு. அந்த ரேட்டுக்குக் கொட்டேஷன் அடிக்கும் எனக்கும் உண்டு.

அடுத்த கொட்டேஷனில் சென்சார் ஓடும் வேகத்தை வைத்தே சைக்கிள் டைம் போட்டிருக்கிறேன். ரேட் கூடுகிறது. முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.