காசு கொடுத்தால் கடன் தீருமா?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எம் முன்னோர் வாக்கு. பசியாற்றியவரை மறத்தலாகாது என்பதே இதன் கருத்தாகும். ஆனால் அந்த உணவை நாம் காசு கொடுத்து வாங்கி உண்டால் என்ன? கடைக்காரர் விலை சொன்னார், நாம் கொடுத்தோம், கணக்குத் தீர்ந்தது என்று எழுந்து வந்துவிடலாமா? குடும்பத்தோடு கடையில் உண்பது எமது வாழ்வில் வழமையாகிவிட்ட இக்காலத்தில் இக்கேள்வி சிந்தித்தற்குரியது.

எமது பெற்றோர் காலத்தில் வெளியில் உண்பதை எவரும் பெருமையாகக் கருதவில்லை. ஆசாரம் பேணிய முதியோர் சிலர் யாழ்ப்பாணப் பட்டணம் சென்றாலும் ஒரு வாய் தேநீர் தானும் அருந்தாது வீடு திரும்புவர். இன்று நல்லூர்த் திருவிழாவுக்குப் போனாலும், பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பொருட்கள் வாங்கப் போனாலும், திரும்பும் வழியில் ஒரு சைவக்கடையில் ஏறாமல் வருவோர் குறைவு. இதனைத் தவறென்று நான் கூறமாட்டேன். வீட்டிலே எல்லோருக்கும் பரிமாறிவிட்டு இறுதியில் மிஞ்சியதை உண்ணும் தாய், கடையிலேதான் பிள்ளைகளோடு ஒன்றாக அமர்ந்து, சூடாறுமுன் ஒரு தோசையை உண்கிறாள். அந்த ஒரு நன்மைக்காகவேனும் இடைக்கிடை கடைக்குப் போகலாம்.

கடந்த வருடம் நல்லூர்த் தேரன்று மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் சகிதம் ஒரு சைவக்கடைக்குச் சென்றோம். நேரம் பிற்பகல் இரண்டரை மணி. கடை நிறைந்த சனம். பரிமாறிய தம்பிக்கு இருபது வயது இருக்கலாம். ஒரு கையில் சாம்பார் வாளியும் மறு கையில் சம்பலுமாக ஓடிக்கொண்டிருந்தார். நாம் கேட்ட வடை வரத் தாமதமாகவே நான் குரலை உயர்த்தி, “காசு தந்துதானே சாப்பிடுகிறோம்” என்று சொல்லிவிட்டேன். அவர் மறுபேச்சின்றி வடைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அப்போது எனது மனைவி அவரைப் பார்த்து, “தம்பி, நீர் சாப்பிட்டிட்டீரோ?” என்று கேட்டார். “இன்னும் இல்லை அம்மா, சனம் குறையத்தான்” என்று சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

எனக்குத் தோன்றாத அந்தக் கேள்வி மனைவிக்கு ஏன் தோன்றியது? முப்பது வருடங்களுக்கு மேலாக எல்லோருக்கும் பிறகு உண்டவர் அவர். பரிமாறுபவரின் பசியை அவர் அறிவார். நானோ உண்பவனின் பசியை மட்டுமே அறிந்தவன். பேரப்பிள்ளைகள் எம் இருவரின் வார்த்தைகளையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எதனை அவர்கள் கற்றுக்கொண்டு சென்றார்களோ என்ற எண்ணம் அன்றிரவு என்னை வருத்தியது.

“அவருக்குச் சம்பளம் கிடைக்கிறது, அது அவருடைய தொழில்” என்று சிலர் கூறலாம். உண்மைதான். அரசாங்க எழுதுவினைஞனாக நானும் பல வவுச்சர்களைச் சரிபார்த்தவன். தொகை சரியென்றால் கோவையை மூடிவிடுவோம். ஆனால் பில்லில் அரிசிக்கும் உழுந்துக்கும் உழைப்புக்கும்தான் விலை போடப்படுகிறது. ஒரு மனிதரை மனிதராக மதிப்பதற்கு அங்கே விலை எழுதப்படுவதில்லை. எழுதப்படாத அந்தக் கடன் காசு கொடுத்த பின்னும் எஞ்சியே நிற்கும்.

கடையில் யார் இருப்பது, எப்படி நடத்தப்படுவது என்பது எமது மண்ணில் பெரும் அறப் பிரச்சினையாக இருந்ததை மறத்தலாகாது. காசு கையில் இருந்தும், பிறப்பைக் காரணம் காட்டிச் சிலருக்குத் தேநீர்க்கடையினுள்ளே ஆசனம் மறுக்கப்பட்டது. வேறு குவளையும் போத்தலும் கொடுக்கப்பட்டன. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. எனினும் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளிலும் ஆலயங்களிலும் சம உரிமை கோரி யாழ்ப்பாணத்தில் போராட்டங்கள் நடக்கவேண்டியிருந்தன. காசு மட்டும் ஒருவருக்கு மதிப்பைத் தந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அன்று உண்ண வந்தவருக்கு மறுத்ததை, இன்று பரிமாற நிற்பவருக்கு நாம் மறுக்கலாமா?

பெரியபுராணத்திலே இளையான்குடிமாற நாயனாரின் வரலாற்றை நாம் அறிவோம். வறுமையுற்ற காலத்தில், மழை பொழியும் நள்ளிரவில் அடியார் ஒருவர் பசியோடு வந்தார். விதைத்த நெல்லை வாரி வரலாம் என்று வழி சொன்னவர் நாயனாரின் மனைவியார். நாயனார் அறுத்து வீழ்த்திய வீட்டின் கூரைக் கொம்பையே விறகாகக் கொண்டு, குழியில் நின்ற கீரையைப் பலவிதமாகச் சமைத்தவரும் அம்மனைவியாரே. அடியாராக வந்த இறைவன் பெருவாழ்வு அளித்தபோது நாயனாருக்கு மட்டும் அளிக்கவில்லை. அடுப்படியில் நின்ற அம்மையாருக்கும் சேர்த்தே அளித்தான். விருந்தின் புண்ணியத்தில் சமைத்தவருக்கும் சரிபங்கு உண்டு என்பது இதனால் விளங்கும்.

இவ்வளவும் எழுதிய பின் எமது ஆலயத்தைப் பற்றிச் சொல்லாதுவிடின் நான் நேர்மையற்றவனாவேன். தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று போற்றும் மண் எமது மண். எம் ஆலயத்திலும் திருவிழாக் காலத்தில் மகேசுவர பூசை நடைபெறுகின்றது. ஆனால் முதற் பந்தியில் அமர்பவர்கள் யார்? தர்மகர்த்தாக்களாகிய நாமும் உபயகாரரும். விடியப்புறம் முதல் அடுப்படியில் நின்றவர்களும், பரிமாறியவர்களும், கிடாரம் கழுவியவர்களும் உண்பது கடைசிப் பந்தியில். சென்ற திருவிழாவில் அவர்கள் இருந்தபோது சோறும் பருப்பும் மட்டுமே எஞ்சியிருந்தன. பாயசம் முதற் பந்தியிலேயே முடிந்துவிட்டது. அதில் இரண்டு தரம் வாங்கிக் குடித்தவர்களில் நானும் ஒருவன். கடையில் பரிமாறிய தம்பிக்காவது சம்பளம் உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆகவே எதிர்வரும் திருவிழாவில் ஒரு சிறு மாற்றத்தைச் செய்யுமாறு பரிபாலன சபையிடம் பணிவுடன் வேண்டுகின்றேன். சுவாமிக்கு நைவேத்தியமான பின், சமைத்தோருக்கும் பரிமாறுவோருக்கும் உரிய பங்கை எல்லாக் கறிகளோடும் முதலிலேயே எடுத்து வைப்போம். கடைசிப் பந்தியில் அவர்களை இருத்தி, தர்மகர்த்தாக்களாகிய நாமே வாளி தூக்கிப் பரிமாறுவோம். முதலாவது வாளியை நான் தூக்குகின்றேன்.

அடியார்களும் அடுத்தமுறை குடும்பத்தோடு கடைக்குச் செல்லும்போது, பரிமாறுபவரிடம் “சாப்பிட்டீரோ?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அதற்குக் காசு தேவையில்லை. பிள்ளைகள் கேட்கும்படியாகக் கேட்பது மிகவும் நன்று. அந்நல்ல மனத்தை எம் எல்லோருக்கும் எம்பெருமான் தந்தருள்வாராக.